வழக்கைத் தவிர எதையும் கதைக்கலாம்

உங்களில் தமிழ் தெரிந்தவர்களை முதல் வாரத்திலேயே யாராவது மேசையிலிருந்து எழுப்புவார்கள். "நீதிமன்றத்துக்கு ஒரு சாட்சி வந்திருக்கிறார், போய்ப் பக்கத்தில் இருங்கள்" என்பார்கள். கோப்பு வாசிக்கவும் தீர்ப்புத் தேடவும் வந்த சட்ட மாணவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. மற்றவர்கள் நூலகத்தில் இருக்க, நீங்கள் புதுக்கடை நீதிமன்றத்தின் மேல்மாடி நடைபாதையில், விசிறிக் காற்று எட்டாத மர வாங்கு ஒன்றில், முன்பின் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பீர்கள். அரச சட்டத்தரணி கூப்பிடும்வரை இருக்க வேண்டும். பெரும்பாலும் கூப்பிட மாட்டார். வழக்கை இன்னொரு நாளைக்குத் தவணை போடுவார்கள். சாட்சியும் திரும்ப வருவார், நீங்களும் வருவீர்கள்.

நான் அந்த அரச சட்ட அலுவலகத்தை விட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது சொந்தமாக வழக்குப் பேசுகிறேன். இந்த முறை உள்ளே வரும் பயிலுநர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கோப்பு முறையையும் வழக்குச் சட்டத்தையும் அங்குள்ளவர்களே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். வாங்கைப் பற்றி ஒருவரும் சொல்லித் தர மாட்டார்கள். ஆகவே நான் வாங்கைப் பற்றி எழுதுகிறேன்.

சட்டம் படிக்க வருமுன் நான் களுபோவில பக்கத்தில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். இரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிப் பழகிய கை, எதையும் பட்டியல் போட்டால்தான் ஆறும். வாங்கு வேலைக்கும் ஒன்று வைத்திருந்தேன். தண்ணீர்ப் போத்தல். பிஸ்கட். கழிவறை எந்தப் பக்கம் என்று முதலே பார்த்து வைத்தல். அவர்களுக்குக் கேட்க வெட்கமாக இருக்கும். தலையிடி என்றாலும் மாத்திரை ஏதும் கொடுக்காதிருத்தல். எதிரியின் ஆட்கள் நிற்கும் பக்கம் முகம் பார்க்காதபடி சாட்சியை இருத்துதல். குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் நீதிமன்றத்தில் எதிரி என்பார்கள். முதல் மாதம் எனக்கு அந்தச் சொல் வாயில் வர மறுத்தது. பிறகு பழகிவிட்டது.

இதற்கெல்லாம் மேலே ஒரு விதி இருந்தது. அது அலுவலகம் தந்தது. சாட்சியோடு வழக்கைப் பற்றி மட்டும் கதைக்கக் கூடாது. மழை, மீன் விலை, கிரிக்கெட், பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எதையும் கதைக்கலாம். வழக்கைத் தொட்டால், நாளைக்கு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, "இந்தச் சாட்சிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்பார். நல்ல விதி. இன்றைக்கும் அதை நல்ல விதி என்றே சொல்வேன். அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

என்னோடு பயின்ற ரிஸ்வான் அந்த விதியைக் கரைத்துக் குடித்தவன். முதல் நாள் ஒரு முதியவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, வழக்கின் நிழலைக்கூடத் தொடாமல், மத்தியானம்வரை கிரிக்கெட் கதைத்து, பிஸ்கட் பக்கற்றையும் தீர்த்துவிட்டு வந்தான்.

"எப்படி உன்ர சாட்சி?" என்று கேட்டேன்.

"தங்கமான மனிசன். நான் பெரிய லோயரா வருவேன் எண்டு செல்லி அனுப்பினார்."

எங்கள் உண்மையான சாட்சி படிக்கட்டின் கீழே தனியாக நின்று களைத்து வீட்டுக்குப் போயிருந்தார். ரிஸ்வான் பிஸ்கட் கொடுத்தது எதிரியின் பெரியப்பாவுக்கு. எங்கள் அரச சட்டத்தரணி, நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் சிங்களப் பெண்மணி, அவனை ஏசவில்லை. "அடுத்த முறை பிஸ்கட்டுக்கு முதல் பெயரைக் கேள்" என்றார். அதன்பிறகு அலுவலகத்தில் எவருக்குப் பிஸ்கட் நீட்டினாலும் ரிஸ்வான், "முதல்ல பேரச் செல்லுங்க" என்பான். நாங்கள் அப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். துக்கமான இடம் அது, ஆனால் நாள் முழுக்கத் துக்கமாக இருக்க ஒருவராலும் முடியாது.

என் வாங்குக்கு வந்தவர் அருளப்பு ஐயா. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர், கொட்டாஞ்சேனைக்காரர். மூத்த மகள் ஜெசிந்தாவும் அவளுடைய கணவனும் இருந்த மாடிவீட்டில் அவர்களோடு இருந்தார். ஒரு மாலை ஜெசிந்தா அந்த வீட்டுப் படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்தாள். கால் சறுக்கியது என்றான் கணவன். அவன் தள்ளியதைக் கண்டேன் என்று பொலிசுக்குச் சொன்னவர் அருளப்பு ஐயா. வேறு ஒருவரும் காணவில்லை. உடலைப் பார்த்த மருத்துவரும், சறுக்கியும் விழுந்திருக்கலாம், தள்ளியும் விழுந்திருக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார். வழக்கு முழுவதும் அந்தக் கிழவரின் கண்ணில் நின்றது.

இளைய மகள் நிரோஷா அக்கா கொள்ளுப்பிட்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. ஜெசிந்தாவைப் புதைத்த பிறகு தகப்பனை வெள்ளவத்தையில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனவர். தவணைக்குத் தவணை லீவு எடுத்து, ஐயாவுக்கு வெள்ளைச் சேட் போட்டு, கையைப் பிடித்து அந்தப் படிகளில் ஏற்றிக்கொண்டு வருவார். வந்ததும் என்னிடம் விட்டுவிட்டு, முதலாளிக்குத் தொலைபேசி எடுக்க ஒரு மூலைக்குப் போவார்.

முதல் தவணையில் ஐயா என்னைக் கேட்டார்: "நீ எந்த இடம் மகள்?"

"வெள்ளவத்தை ஐயா. அறை எடுத்து இருக்கிறன்."

"அய்யோ, நீயுமா! சின்னவள் என்னையும் அங்கதான் கொண்டுபோய் வச்சிருக்கிறா. எங்கட பக்கம் கோவில் மணி அடிச்சா நேரம் தெரியும். அங்க தண்டவாளத்தில கோச்சி போனாத்தான் நேரம். கோச்சி பிந்தினா நேரமும் பிந்தும். நான் மத்தியானச் சோத்தப் பின்னேரம் தின்னுறன்."

நான் சிரித்துவிட்டேன். வாசலில் நின்ற பொலிஸ்காரப் பையனும் சிங்களத்தில் தாத்தா என்று கூப்பிட்டு, "என்ன சீயா, நல்லா இருக்கிறீங்களா?" என்று கேட்டான். அவர் துறைமுகத்துச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தான். அந்த நடைபாதையில் அருளப்பு ஐயாவைப் பிடிக்காதவர் இல்லை.

அடுத்த தவணையிலும் அவர் கேட்டார்: "நீ எந்த இடம் மகள்?" கோச்சிக் கதையைத் திரும்பவும் சொன்னார். அதற்கடுத்த தவணையிலும் சொன்னார். வயதானவர்கள் பகிடியைத் திருப்பிச் சொல்வது வழக்கம்தானே. நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரித்தேன். வழக்கைத் தவிர வேறெதைக் கதைத்தாலும் அவர் குறை வைக்கவில்லை. மீன் வாங்கும் விதம், கப்பல் சங்கு ஊதும் விதம், வெள்ளவத்தை ஆட்களுக்குக் கருவாட்டு வாசம் பிடிக்காத விதம். நாங்கள் கேட்கக் கூடாத ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தவணைகள் போய்க்கொண்டே இருந்தன. ஒருமுறை நீதிபதி மாற்றலாகிப் போனார். ஒருமுறை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குச் சுகமில்லை. ஒருமுறை வேலைநிறுத்தம். இன்னொரு முறை முன்னால் இருந்த வழக்கு இழுபட்டு, நேரமில்லை என்றார்கள். உங்கள் கோப்பில் அதெல்லாம் ஒரு வரி. வாங்கில் அது ஒரு மனிதரின் வயது.

கடைசியில், கட்டாயம் எடுப்பதாக ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் மிஸ் ஐயாவை அலுவலகத்துக்கு அழைத்தார். சாட்சியை விசாரணைக்கு முன் அரச சட்டத்தரணி ஒருமுறை சந்திப்பது வழக்கம். நிரோஷா அக்காவை வெளியே இருத்திவிட்டு, நான் நடுவில் அமர்ந்து மொழிபெயர்த்தேன்.

"அன்றைக்கு என்ன கண்டீர்கள்?" என்றார் மிஸ்.

"பிள்ளை மேல்படியில நிண்டது. அவன் பின்னால வந்து தோளில கை வச்சுத் தள்ளினவன். பிள்ளை ஒருக்காத் திரும்பிப் பார்த்தது. பிறகு விழுந்தது."

மிஸ் வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, மறுபடி அதே கேள்விக்கு வந்தார். அவர் மறுபடி சொன்னார். சொல்லுக்குச் சொல் அதேதான். நிறுத்திய இடங்களும் அதே. ஆய்வுகூடத்தில் ஒரு குப்பியை இரண்டு தரம் சோதித்தால் முடிவு இம்மியாவது விலகும். விலகாமல் வந்தால் முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகிப்போம். அது எனக்கு நினைவில் வந்துபோனது. ஆனால் ஒரு துக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்களுக்கு வசனம் இறுகிப்போவதும் உண்டு. மிஸ்ஸும் அப்படித்தான் எண்ணினார். "நல்ல சாட்சி. பாவம், அழுது முடித்துவிட்டார் போல" என்றார்.

எழும்பும்போது ஐயா என் காதருகே கேட்டார்: "சரியாச் சொன்னனானா மகள்?"

அதையும் எல்லாச் சாட்சிகளும் கேட்பார்கள்.

மறுநாள் நடைபாதை நிறைய ஆட்கள். எதிரி தன் தமையனோடு மறுபக்கத் தூணருகே நின்றான். நான் ஐயாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி இருத்தினேன். நிரோஷா அக்கா கீழே கடையில் வாங்கிய, மீன் வைத்த மாலு பணிஸைத் தகப்பன் கையில் கொடுத்துவிட்டுத் தொலைபேசியோடு மூலைக்குப் போனார்.

ஐயா பணிஸை இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியைத் தின்றார். மறுபாதியைக் கைலேஞ்சியில் சுற்றிச் சேட் பைக்குள் வைத்தார்.

"பிறகு சாப்பிடவா ஐயா?"

"இல்ல மகள். ஜெசிந்தாவுக்கு. வேலையால பசியோட வருவா."

நான் அவருடைய சேட் பையைப் பார்த்தேன். அவர் என் பார்வையைப் பிழையாக விளங்கிக்கொண்டு, இரகசியம் சொல்பவர்போல் குனிந்தார்.

"நீ அவளிட்டச் சொல்லிப்போடாத. சின்னவளுக்கு ஏதோ கேஸாம். நான் பாடமாக்கினதை இண்டைக்கு ஒருக்காச் சொல்லிவிட்டா முடிஞ்சிடுமாம். உயிரோட இருக்கிற பிள்ளையைப் பற்றி அப்பிடிச் சொல்ல வாய் கூசுது. என்ன செய்யிற, இவளும் பிள்ளைதானே. ஜெசிந்தா கேள்விப்பட்டா என்னோட கதைக்கமாட்டா."

பொலிஸ்காரப் பையனிடம் ஐயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் நிரோஷா அக்காவிடம் போனேன். என் முகத்தைக் கண்டதும் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

"என்ன சொன்னவர்?"

"உங்கட அக்காவுக்குப் பணிஸ் எடுத்து வச்சிருக்கிறார்."

அவர் சுவரில் சாய்ந்தார். அழவில்லை. நெடுநாள் தூக்கி வைத்திருந்த எதையோ கீழே வைப்பவர்போல் கதைக்கத் தொடங்கினார்.

"முதல்ல கொஞ்சம் கொஞ்சமாத்தான் மறந்தவர். பிறகு காலமையில எழும்பி, ஜெசிந்தா எங்க எண்டு கேட்பார். நான் சொல்லுவன். அப்ப அழுவார் தங்கச்சி, நெஞ்சில அடிச்சு அழுவார். பின்னேரம் மறந்திடுவார். அடுத்த நாள் திரும்பக் கேட்பார். நான் திரும்பச் சொல்லுவன். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் நாள். எத்தனை தரம் நான் என்ர அக்காவைச் சாகடிக்கிறது? சொல்லுறதை விட்டிட்டன். வேலைக்குப் போயிட்டா எண்டு சொன்னா சிரிச்சுக்கொண்டு இருக்கிறார்."

"அப்ப இண்டைக்கு?"

"பொலிசுக்குச் சொன்னதை அப்பிடியே பாடமாக்கிக் குடுத்தனான். அவர் சொன்னதுதான். அவர் கண்டதுதான். நான் ஒரு சொல்லும் கூட்டேல்ல. பொய் இல்லைத்தானே? சொல்லுங்க, பொய்யா?"

பொய் இல்லை.

"இண்டைக்கு விட்டா அவன் போயிடுவான். நீங்க கேக்காத மாதிரி இருங்க தங்கச்சி. பக்கத்தில இருக்கிறதுதானே உங்கட வேலை."

என் மூளை வழக்கம்போல் பட்டியல் போட்டது. அன்றைக்கு அவர் அந்தப் படிக்கட்டில் நின்றார். பொலிசுக்குச் சொன்னபோது அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. இன்றைக்கு இல்லை. சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொல்லப்போகிறவருக்கு அது உண்மை என்று தெரியாது. அதற்குக் கீழே எழுத ஒன்றும் வரவில்லை. உள்ளே முன் வழக்கை முடித்துக்கொண்டிருந்தார்கள்; அடுத்தது எங்களுடையது.

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று கவனிக்க வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும், யோசிக்க இடம் இருக்காது. நான் பிடித்துக்கொண்டது இரண்டைத்தான். வாங்கில் எனக்குச் சொல்லப்பட்டது என்னுடையது அல்ல. அதை எடைபோட்டு மறைக்கவோ வெளியே விடவோ எனக்கு உரிமை இல்லை. மற்றது, சொல்லப் போவதாக இருந்தால் அதை நிரோஷா அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

"அக்கா, நான் மிஸ்ஸிட்டச் சொல்லப்போறன். உங்களுக்குச் சொல்லாமப் போக ஏலாது, அதுதான்."

அவர் சுவரை விட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தமிழ்ப் பிள்ளை எண்டு நம்பித்தானே சொன்னனான்" என்றார்.

அந்த அலுவலகத்தில் உங்களுக்கு யார் யாரோ எதையெதையோ சொல்வார்கள். இதைப்போல ஒன்றை ஒருவரும் சொல்லாமல் இருக்கட்டும்.

உள்ளே போய் மிஸ்ஸின் கதிரைக்குப் பின்னால் குனிந்து, ஐயா சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். நான் நினைப்பதைச் சேர்க்கவில்லை. மிஸ் கோப்பை மூடிவிட்டு வெளியே வந்தார். வாங்கில் ஐயாவுக்குப் பக்கத்தில், என் இடத்தில் அமர்ந்தார். சிங்களத்தில், மெதுவாக, "சீயா, ஜெசிந்தா எங்கே?" என்று கேட்டார்.

"வேலைக்கு" என்றார் ஐயா, முகம் மலர்ந்து. "பின்னேரம் வருவா, மிஸ். வந்தா உங்களுக்கும் கதைக்கலாம்."

மிஸ் அவருடைய கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழும்பினார். நிரோஷா அக்கா அவரை மறித்து, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, தன் வாதத்தை எல்லாம் வைத்தார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். எனக்கு எதிரானதையும்.

மிஸ் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "நான் இவரைக் கூண்டில் ஏற்றினால், எனக்கு அவர் ஒழுங்காகச் சொல்வார். அதற்குப் பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்புவார். அவருக்கும் சந்தேகம் வரும். உங்கள் மகள் இப்போது எங்கே என்று அவரும் கேட்பார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று ஐயா சொல்வார். இல்லை, அவள் செத்துவிட்டாள் என்று அந்த மனிதர் சொல்வார். அத்தனை பேருக்கு முன்னால், கூண்டுக்குள் நின்று, முதல் தடவையாக உங்கள் அப்பா அதைக் கேட்பார். அது உங்களுக்குச் சம்மதமா? எதிர்த்தரப்பு அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டாலும், அப்பாவுக்கு நினைவில்லை என்று தெரிந்துகொண்டு அவரைப் பேசவிட என்னால் முடியாது."

நான் தமிழில் சொல்லி முடித்தபோது நிரோஷா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அதை அவர் யோசித்திருக்கவில்லை. நானும் யோசித்திருக்கவில்லை. வாங்கில் ஐயா பொலிஸ்காரப் பையனுக்குக் கோச்சிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நீதிமன்றத்தில் சாட்சியின் நிலையைச் சொல்லி, மருத்துவ அறிக்கை கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் பலமுறை பார்த்து எழுதிய அறிக்கை, நிரோஷா அக்கா சுவரில் சாய்ந்து சொன்னதையே நீளமாகச் சொன்னது. பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலம் அவர் கண்டதற்குச் சாட்சியமாக ஏறாது என்பது உங்கள் பாடத்தில் வரும். பரீட்சையில் அதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவீர்கள். மிஸ் அயல்வீட்டார் எல்லாரையும் திரும்ப விசாரிக்கச் செய்தார். சத்தம் கேட்டவர்கள் இருந்தார்கள். கண்டவர் இல்லை.

மிஸ் ஒருநாள் கோப்பின் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "முதல் தவணையில் அவருக்கு நினைவிருந்ததா?"

"இருந்திருக்கும். நிரோஷா அக்கா சொல்வதைப் பார்த்தால், அப்போது நன்றாகவே இருந்திருக்கும்."

"அன்றைக்கே தெரிந்திருந்தால் நீதிபதியிடம் கெஞ்சியாவது அவருடைய சாட்சியத்தை முதலில் எடுத்திருப்பேன்."

நாங்கள் எல்லோரும் விதியைச் சரியாகக் காத்தோம். நான், மிஸ், நான் வராத நாட்களில் அதே வாங்கில் அமர்ந்த மற்றப் பயிலுநர்கள். வழக்கைத் தொடாமல் மழையையும் மீனையும் கதைத்தோம். அவருக்கு மீதி இருந்தது அந்தக் கதைகள்தான். அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே என் பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர்த்துத் தருகிறேன். ஒவ்வொரு தவணையிலும், தண்ணீர் கொடுக்குமுன், சாட்சியிடம் ஒன்று கேளுங்கள்: இண்டைக்கு ஏன் இங்க வந்தனீங்கள் எண்டு தெரியுமா? அது வழக்கைப் பற்றிக் கதைப்பது ஆகாது. ஆளைப் பற்றிக் கேட்பது. கூட்டி வந்தவரிடமும் கேளுங்கள், நித்திரை கொள்கிறாரா, சாப்பிடுகிறாரா, மறதி இருக்கிறதா என்று. பதிலில் ஏதாவது இடறினால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். வயதான சாட்சி என்றால் தவணை கேட்க யாரும் எழும்புமுன் அரச சட்டத்தரணியின் காதில் போடுங்கள். பயிலுநர் சொல்லி என்ன நடக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த வாங்கில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

எதிரியை விடுவித்த நாளும் நான்தான் போனேன். ஐயா வரவேண்டிய தேவை இருக்கவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நிரோஷா அக்கா கூட்டி வந்திருந்தார். என்னோடு அவர் கதைக்கவில்லை. நான் வழக்கமான இடத்தில் அமர்ந்தேன்.

"நீ எந்த இடம் மகள்?" என்றார் ஐயா.

"வெள்ளவத்தை ஐயா."

"அய்யோ, நீயுமா!"

உள்ளே அதிக நேரம் எடுக்கவில்லை. கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். எதிரியும் தமையனும் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஐயா அவனை நிமிர்ந்து பார்த்தார். யாரென்று தெரிந்த மாதிரி இல்லை. தெரியாத ஆளுக்குச் சிரிப்பதுபோல் கொஞ்சம் சிரித்தார். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய், படிக்கட்டின் உச்சியில் நின்று, தமையனோடு ஏதோ கதைத்தான்.

நிரோஷா அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். தகப்பனின் ஒரு கையை அவர் பிடித்தார், மறுகையை நான் பிடித்தேன். மூவரும் படிக்கட்டுக்கு வந்தோம். நிரோஷா அக்கா அவனைக் கடந்து முதல் படியில் கால் வைக்கப் போனார்.

ஐயா அவரைப் பின்னால் இழுத்தார். எவ்வளவு பலத்தோடு என்றால், என் கையும் சேர்ந்து இழுபட்டது. பாரந்தூக்கி ஓட்டிய கை அது.

"அவனுக்கு முன்னால இறங்காத, பிள்ளை" என்றார்.

"ஏன் அப்பா?"

அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது. எங்கேயோ தேடுபவர்போல் இருந்தார், பிறகு தேடுவதை விட்டார்.

"எனக்குத் தெரியாது. அவன் போகட்டும். நீ இறங்காத."

நிரோஷா அக்கா என்னைப் பார்த்தார். அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. நீதிமன்றக் கதவு எங்களுக்குப் பின்னால் மூடியிருந்தது. உள்ளே அடுத்த வழக்கைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

அவன் இறங்கினான். கீழே வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போகும்வரை ஐயா எங்கள் இருவரின் கைகளையும் விடவில்லை. நாங்கள் மேல்படியிலேயே நின்றோம்.